பழைய பிக்கப் வண்டியில் மைலேஜ் குறைந்தால் எங்கிருந்து தேடுவது: முழுமையான வழிகாட்டி

மைலேஜ் குறைகிறது என்று வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டால், பெரும்பாலும் முதலில் கழற்றப்படுவது டீசல் பம்ப்பும், இன்ஜெக்டரில் டீசலைத் தெளிக்கும் முனையான நாசிலும்தான். டீசல் பம்ப் பழுது பார்க்கும் லேப்புக்குப் போய், செலவு ஆயிரக்கணக்கில் ஏறி, வண்டி திரும்பி வந்த பிறகும் பங்க்கில் அதே கணக்குத்தான் நிற்கும். பின் சக்கரத்தில் பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்ததை யாரும் கையால் சுற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். செலவில்லாததும் எளிதில் பார்க்கக்கூடியதும் முன்னால் வரும். கழற்றிப் பிரிக்க வேண்டியது கடைசியில் வரும். நடுவில் ஒரு படியைத் தாண்டிப் போனால், பின்னால் வரும் சோதனைகளின் முடிவை நம்ப முடியாது.

இங்கே பேசப்படுவது பத்து வருடம் ஓடிய டீசல் லோடு வண்டிகளைப் பற்றி. இவற்றில் இரண்டு வகை உண்டு. 702 சி.சி., இரண்டு சிலிண்டர், டர்போ இல்லாத பழைய டாடா ஏஸ், அதாவது நம் ஊர்க் குட்டி யானை, மெக்கானிக்கல் பம்ப் வகை. பின்னால் வந்த பொலிரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த் போன்றவை காமன் ரெயில் வகை. உங்கள் வண்டி எது என்று தெரியாவிட்டால் பானெட்டையோ சீட்டையோ தூக்கி இன்ஜெக்டர்களைப் பாருங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒயர் சாக்கெட் இருந்து, எல்லாப் பைப்பும் ஒரே தடித்த இரும்புக் குழாயிலிருந்து பிரிந்தால் அது காமன் ரெயில். ஒயரே இல்லாமல் பம்ப்பிலிருந்து நேராகப் பைப் வந்தால் மெக்கானிக்கல். ஒன்றில் செய்யக்கூடிய சோதனை மற்றதில் ஆளைக் காயப்படுத்தும் என்பதால் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

நம்பகமான டயர் காற்று கேஜ் ஒன்று, ஜாக்கி, இரண்டு ஆக்சில் ஸ்டாண்ட், சக்கரத்துக்கு அடை வைக்க நான்கு மரக்கட்டை, தொடாமல் சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் மீட்டர், டேப், நூல், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், டார்ச், ஒரு நோட்டு. காமன் ரெயில் வண்டியானால் ஒரே அளவுள்ள தெளிவான பாட்டில்களும் ரப்பர் குழாய்களும் வேண்டும், இன்ஜெக்டருக்கு ஒன்று வீதம். கூடவே அந்த மாடலுக்கான சர்வீஸ் கையேடு. டேப்பட் (வால்வு) இடைவெளி, டயர் காற்று, டோ அளவு (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) எல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். பக்கத்து வண்டிக்காரர் சொன்ன அளவு உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் கை நீட்ட வேண்டும்.

2. மைலேஜ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று அளப்பது

டேஷ்போர்டு முள்ளை வைத்தும், "ஐந்நூறு ரூபாய்க்கு இவ்வளவு ஓடும்" என்ற பழக்கத்தை வைத்தும் போடுகிற கணக்கு உதவாது. டீசல் விலை மாறும், டேங்க் மிதவை பழசாகும். ஃபுல் டேங்க் முறை ஒன்றுதான் சரி.

ஒரே பங்க், ஒரே பாயின்ட், ஒரே பக்கம் நிறுத்தி, பங்க் குழாயின் நாசில் முதல் முறை தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். அதற்கு மேல் வண்டியை ஆட்டியோ, மூடி வரை வழியவிட்டோ நிரப்ப வேண்டாம். கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, டேங்க்கில் பாதிக்கு மேல் தீர்ந்த பிறகு அதே இடத்தில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். 300 கி.மீ. ஓடி 20 லிட்டர் பிடித்தால் 15.

பாதிக்கு மேல் தீர வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. நிரப்பும்போது ஒரு லிட்டர் முன்பின் ஆவது சாதாரணம். 10 லிட்டரில் அந்த ஒரு லிட்டர் 10 சதவீதப் பிழை. 25 லிட்டரில் 4 சதவீதம்தான். இதேபோல் மூன்று டேங்க் எடுத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு லோடு, எந்த ரோடு, டவுனுக்குள்ளா பைபாஸா என்று ஒரு வரி எழுதி வையுங்கள். காலியாக ஓடிய டேங்க்கை ஒரு டன் ஏற்றி ஓடிய டேங்க்கோடு ஒப்பிட்டு வண்டியைக் குறை சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது கிலோமீட்டர் மீட்டரே சரியா என்பது. நான்குவழிச் சாலையில் போன் ஜி.பி.எஸ்ஸைப் போட்டுக்கொண்டு 50 கி.மீ. ஓட்டி இரண்டையும் ஒப்பிடுங்கள். டயர் அளவு மாறியிருந்தால் இங்கே வெளிப்படும். 215/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 703 மி.மீ. அதே ரிம்மில் 235/75 ஆர்15 போட்டால் சுமார் 733 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு 4 சதவீதம் கூடுதல் தூரம் போகும், ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. உண்மையில் 100 கி.மீ. ஓடினால் 96 என்று காட்டும். மைலேஜ் குறைந்ததாகத் தோன்றுவதில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழையாக இருக்கும்.

கிடைத்த எண்ணை விளம்பரத்தில் போட்ட எண்ணோடு ஒப்பிட வேண்டாம். இதே வண்டி இதே வேலையில் முன்பு கொடுத்ததோடு ஒப்பிடுங்கள். 5 சதவீதம் ஏறி இறங்குவது இயல்பு. 10 சதவீதத்துக்கு மேல் போனால் தேட வேண்டும். ஒரே வாரத்தில் திடீரென்று குறைந்ததா, மாதக்கணக்கில் மெல்லக் குறைந்ததா என்பதும் முக்கியம். திடீரென்று என்றால் கசிவு, பிரேக் பிடிப்பு, கிழிந்த ஹோஸ், சென்சார் கோளாறு ஆகியவற்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மெல்ல மெல்ல என்றால் டயர், ஃபில்டர், கிளட்ச், நாசில், ரிங் என்று போகும்.

3. டீசல் எரிவதற்கு முன்பே போகிறதா

இரவு வண்டியை நிறுத்தும்போது எஞ்சினுக்கும் டேங்க்குக்கும் கீழே பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் சொட்டு இருந்தால் மேலே எங்கிருந்து வந்தது என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். டீசல் கசியும் இடத்தில் புழுதி ஈரமாக, கருப்பாக ஒட்டியிருக்கும். இன்ஜெக்டர்களை இணைக்கும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ், ஃபில்டர் மூடி, சேஸிஸ் ஓரமாகப் போகும் பைப்பில் கிளிப் உரசும் இடம், டேங்க்கின் மேல்பக்கம் ஆகிய நான்கையும் அவசியம் பாருங்கள். மேல்பக்கக் கசிவு ஃபுல் டேங்க்கில் மட்டுமே தெரியும். பாதி டேங்க்கில் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

எஞ்சின் ஆயில் குச்சியையும் இழுத்துப் பாருங்கள். ஆயில் குறையாமல் அளவு ஏறியிருந்து, டீசல் வாடை வந்தால், பம்ப்பின் சீல் வழியாகவோ ஃபீட் பம்ப் வழியாகவோ டீசல் சம்ப்புக்குள் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்குள்) போகிறது என்று பொருள். ஒழுகும் இன்ஜெக்டரும் இதைச் செய்யும். இந்த நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

4. டயர் காற்று

காலையில் வண்டி நகரும் முன் அளக்க வேண்டும். ஓடிய டயரில் காற்றுச் சூடாகி அழுத்தம் ஏறியிருக்கும். அப்போது அளந்து, கூடுதலாக இருக்கிறதே என்று இறக்கிவிட்டால் ஆறிய பின் குறைவாகிவிடும்.

லோடு வண்டியில் அதிகம் நடக்கும் தவறு, காருக்கு அடிக்கும் 30, 32 பி.எஸ்.ஐ. அளவையே நான்கு சக்கரத்துக்கும் அடித்துவிடுவது. லோடு டயருக்கு, அதிலும் பின் டயருக்கு, அதைவிடக் கணிசமாக அதிகம் வேண்டும். கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ முன், பின் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். அதைப் பெயின்ட்டில் சக்கர வளைவுக்கு மேல் எழுதி வைத்துவிட்டால் காற்றுப் பிடிக்கிறவரிடம் வாதாட வேண்டியதில்லை.

காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிரும். அந்த நசுங்கலுக்கான சக்தி டயரிலேயே சூடாகப் போய்விடும், அதற்கும் டீசல் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள்.

5. சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா: பிரேக்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். பழைய பிக்கப்பில் மைலேஜ் குறைவுக்கு இவ்வளவு எளிதான, இவ்வளவு அடிக்கடி தவறவிடப்படும் காரணம் வேறு இல்லை.

*ஓட்டிப் பார்ப்பது.* ஆள் நடமாட்டம் இல்லாத சமதள ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில் நியூட்ரல் போட்டு, 20-க்கு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். எஞ்சினை ஆஃப் பண்ணக் கூடாது. பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் போய்விடும். போகும்போது ஒரு முறை, அதே இடத்தில் திரும்பி வரும்போது ஒரு முறை எடுத்துச் சராசரி போடுங்கள், காற்றும் லேசான சரிவும் அடிபட்டுப் போகும். இந்த எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். பிரேக் வேலை முடிந்ததும் இதே சோதனை எவ்வளவு தேறியது என்று சொல்லிவிடும்.

*சூடு பார்ப்பது.* பிரேக்கை மிகக் குறைவாகத் தொட்டு 10 கி.மீ. ஓட்டி, மெல்ல நிறுத்தி, உடனே நான்கு சக்கரத்தின் டிரம் அல்லது டிஸ்க்கிலும் மீட்டரைக் காட்டுங்கள். முன் சக்கரத்தைப் பின் சக்கரத்தோடு ஒப்பிட வேண்டாம். ஒரே ஆக்சிலில் இடம் வலம் ஒப்பிடுங்கள். 15 முதல் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால் சூடான பக்கம் பிடிக்கிறது, அல்லது அங்கே பேரிங் இறுகியிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அதிகச் சூடாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். பெடலை அழுத்தும்போது சக்கரங்களுக்கு அழுத்தம் அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் கோளாறில் அப்படித்தான் வரும்.

*தூக்கிச் சுற்றுவது.* சமதளத்தில் முன் சக்கரங்களுக்கு அடை வைத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டு, நியூட்ரலில் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். ஒரு சக்கரத்தைச் சுற்றினால் டிஃபரன்ஷியல் வழியாக மறு சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும், லேசான கனமும் இருக்கும். அது கோளாறு இல்லை. உரசும் சத்தம், ஒரு இடத்தில் மட்டும் பிடிப்பது, கையை எடுத்ததும் டக்கென்று நிற்பது, இவைதான் கோளாறு. பின் ஒருவரைப் பிரேக்கை அழுத்தி விடச் சொல்லுங்கள். விட்ட மறு நொடி சக்கரம் பழையபடி சுற்ற வேண்டும். இதே மாதிரி, பின் சக்கரங்களுக்கு அடை வைத்து முன்பக்கத்தையும் பாருங்கள்.

பிடிக்கும் சக்கரம் கிடைத்துவிட்டால் உடனே டிரம்மைக் கழற்ற வேண்டாம். அந்தச் சக்கரத்தின் பிளீடர் நட்டை (பிரேக் லைனில் காற்று எடுக்கும் நட்டை) அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால், அழுத்தம் லைனில் சிக்கி நிற்கிறது. விடுபடாவிட்டால் கோளாறு சக்கரத்திலேயே இருக்கிறது.

அழுத்தம் சிக்கியிருந்தால் எங்கே என்று இப்படிப் பிரிக்கலாம். பிளீடரை மூடி, மறுபடி பிரேக்கை அழுத்திவிட்டு, இம்முறை ரப்பர் ஹோஸுக்கு முன்னால் வரும் இரும்புப் பைப்பின் நட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் தடை அதற்கும் முன்னால், மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடுபடவில்லை என்றால் ரப்பர் ஹோஸ்தான். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்சுவர் உப்பி ஒருவழிப் பாதையாகிவிட்டது. மாஸ்டரில் குற்றவாளி பெரும்பாலும் பெடல் ராடு. ஃப்ரீ பிளே (பெடலில் சும்மா நகரும் தொய்வு) இல்லாமல் முழுக்க முறுக்கி வைத்திருந்தால் பிஸ்டன் பின்னால் வராது, ஆயில் திரும்பும் துளை மூடியே இருக்கும். எஞ்சின் ஆயிலோ வேறு எண்ணெயோ பிரேக் டேங்க்கில் ஒரு முறை கலந்திருந்தாலும் ரப்பர் எல்லாம் ஊறிப் பெருத்து இதே நிலை வரும். அப்போது சீல் எல்லாமே மாற்ற வேண்டியதுதான். லைனைத் திறந்த பிறகு காற்று எடுக்க மறக்காதீர்கள்.

சக்கரத்திலேயே கோளாறு என்றால் முன்பக்கம் காலிபர் பிஸ்டனும் ஸ்லைடு பின்னும், பின்பக்கம் வீல் சிலிண்டரும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் ஹேண்ட்பிரேக் கேபிளும். கேபிளில் ஒரு தவறு ஊர் முழுக்க நடக்கிறது. ஷூ தேய்ந்து ஹேண்ட்பிரேக் மேலே வந்ததும், ஷூவை அட்ஜஸ்ட் செய்யாமல் கேபிளை முறுக்கிவிடுவார்கள். லீவர் சரியாகிவிடும், ஆனால் ஷூ எந்நேரமும் டிரம்மைத் தொட்டபடி இருக்கும். சரியான வரிசை: கேபிளை முழுக்கத் தளர்த்து, அட்ஜஸ்டரில் ஷூவை டிரம் பிடிக்கும்வரை கொண்டுவந்து, சக்கரம் தாராளமாகச் சுற்றும்வரை திருப்பி விட்டு, அதற்குப் பிறகு கேபிளின் தொய்வை மட்டும் எடு.

6. பேரிங், அலைன்மென்ட், பிளேடு

தூக்கிய நிலையிலேயே சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டமும் கூடாது, இறுக்கமும் கூடாது. கிரீஸ் வைத்து மாட்டும்போது நட்டை இறுக்கியபடியே விட்டுவிட்டால் பேரிங் சூடாகும், மைலேஜும் போகும். கையேட்டில் சொன்னபடி நட்டைத் திருப்பி விட்டுத்தான் பூட்டுப் பின்னை மாட்ட வேண்டும்.

முன் டயரின் பட்டனை (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டங்களை) உள்ளங்கையால் இரு திசையிலும் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் இருந்தால் டோ தவறு; டயர் பக்கவாட்டில் இழுபட்டபடி ஓடுகிறது.

அலைன்மென்ட் எடுத்தும் சரியாகாவிட்டால், முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை இடம் வலம் டேப் பிடித்துப் பாருங்கள். 5, 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பின் ஆக்சில் நகர்ந்திருக்கிறது. ஓவர்லோடில் பிளேடு செட்டின் (ஸ்பிரிங் பட்டை அடுக்கின்) நடு போல்ட் அறுந்துவிடும், யூ-போல்ட் தளரும், ஆக்சில் ஒரு பக்கம் பின்வாங்கும். வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். முன் சக்கரத்தை மட்டும் அளக்கும் கடையில் இது தெரியாது.

7. கிளட்ச்

டாப் கியரில் 40-ல் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. பழைய ஏஸில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது, காதால்தான் கேட்க வேண்டும். காலி வண்டியில் தெரியாத வழுக்கல் லோடில், மேட்டில் தெரியும். பிளேட்டை மாற்றும் முன் பெடல் ஃப்ரீ பிளேயைப் பாருங்கள். கேபிள் இறுகியிருந்தாலே பாதி அழுத்திய மாதிரி நிற்கும்.

8. எஞ்சின் சூடாகிறதா

அதிகச் சூட்டைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். மைலேஜைக் கெடுப்பது பெரும்பாலும் போதாத சூடு. நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று கழற்றி எறிந்த வண்டிகள் ஏராளம். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சினில் கூலன்ட் நேராக ரேடியேட்டருக்கு ஓடிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுக்க எரியாது, ஆயில் கெட்டியாகவே இருக்கும், ரிங் சீக்கிரம் தேயும்.

20 நிமிடம் ஓடியும் சூட்டு முள் வழக்கமான இடத்துக்கு வராவிட்டால், அல்லது பைபாஸில் போகும்போது இறங்கி டவுனில் ஏறினால், தெர்மோஸ்டாட்டைத் திறந்து பாருங்கள். இருந்தால், கழற்றி வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, அதில் பொறித்த டிகிரியை ஒட்டித் திறக்கிறதா என்று பார்க்கலாம். பச்சைத் தண்ணீரிலேயே திறந்து கிடந்தால் புதிது வாங்குங்கள். விலை ஒரு ஃபுல் டேங்க்கை விடக் குறைவுதான்.

சூட்டுக்கேற்ப வேகம் மாறும் விஸ்கஸ் ஃபேன் உள்ள வண்டியில், குளிர்ந்த எஞ்சினை ஆஃப் பண்ணி ஃபேனைக் கையால் சுற்றுங்கள். லேசான தடையோடு சுற்ற வேண்டும். எஞ்சினோடு ஒட்டியது போல் அசையாமல் இருந்தால், தேவை இல்லாதபோதும் முழு வேகத்தில் சுற்றி எஞ்சின் சக்தியைத் தின்கிறது.

9. காற்று வரும் வழி

மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் காற்று எவ்வளவு வந்தது என்று பம்ப்புக்குத் தெரியாது. பெடல் கேட்ட டீசலை ஊற்றிவிடும். ஃபில்டர் அடைத்திருந்தால் அந்த டீசல் எரியக் காற்று போதாமல் கரும்புகையாக வெளியேறும். காமன் ரெயிலில் காற்றை அளக்கும் சென்சார் இருப்பதால் புகை அவ்வளவு வராது. கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்துவிடும், இழுவை போகும், ஓட்டுநர் கீழ் கியரில் அதிக நேரம் ஓட்டுவார். இரண்டிலும் முடிவு ஒன்றே.

ஃபில்டருக்குள் டார்ச்சை விட்டு இருட்டில் பாருங்கள். வெளிச்சம் சீராகத் தெரிய வேண்டும். காற்றடித்துச் சுத்தம் செய்வதானால் உள்ளிருந்து வெளியே, 2 பாருக்கு மிகாமல். பஞ்சர் கடை கம்ப்ரஸரின் முழு அழுத்தத்தில் காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். செங்கல் சூளை, குவாரிப் பக்கம் ஓடும் வண்டிக்குக் கையேட்டுக் கணக்குச் செல்லாது; பாதிக் காலத்திலேயே மாற்றுங்கள்.

டர்போ வண்டியில் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ஹோஸ்களை அடிப்பக்கம் விரலால் தடவுங்கள். வெடிப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் இருக்கும், அங்கே ஆயில் கசிந்த கறை இருக்கும். மேட்டில் உஸ் என்ற சத்தமும் கரும்புகையும் சேர்ந்து வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஈ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தே நின்றாலும் எரிந்த காற்று மறுபடி உள்ளே வந்து இதே அறிகுறிகளைத் தரும். கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். தகரம் வைத்து அடைப்பது புகைச் சட்டத்துக்கு விரோதம், சில வண்டிகளில் எஞ்சின் லைட்டும் எரியும்.

10. டீசல் வரும் வழி

இப்போதுதான் பம்ப் பக்கம் வர வேண்டும். முதலில் டீசல் ஃபில்டரை மாற்றி, அடியில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள். மாட்டியதும் பிளீட் திருகைத் திறந்து, கைப்பம்ப்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் மூடுங்கள்.

*மெக்கானிக்கல் பம்ப் வண்டியில்* ஐடிலிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அரைச் சுற்றுத் தளர்த்தி, மறுபடி இறுக்குங்கள். கையுறையும் கண்ணாடியும் வேண்டும். நல்ல சிலிண்டரில் தளர்த்தியதும் எஞ்சின் தடுமாறும். எந்த நட்டைத் தளர்த்தியும் மாற்றம் இல்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. அதன் நாசிலை லேப்பில் அழுத்தமும் தெளிப்பும் பார்க்கச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும்போது செம்பு வாஷர் புதிதாக இருக்கட்டும்.

*காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது.* ரெயிலில் அழுத்தம் 1000 பாருக்கு மேல் போகும்; அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். பதிலாக, இன்ஜெக்டர் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி ஒவ்வொன்றையும் ஒரு பாட்டிலில் விட்டு, சில நிமிடம் ஐடிலிங்கில் ஓட விடுங்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது. ஸ்கேனர் கிடைத்தால் எரர் கோடு மட்டும் படித்துவிட்டு மூடாதீர்கள். கூலன்ட் டிகிரி, காற்று அளவு, ரெயில் அழுத்தம் (கம்ப்யூட்டர் கேட்டதும் உண்மையில் கிடைத்ததும்), சிலிண்டர்வாரி டீசல் திருத்தம் ஆகியவற்றை ஓட்டத்தில் பாருங்கள். எஞ்சின் கொதிக்கும் சூட்டில் இருக்கும்போது ஸ்கேனர் 40 டிகிரி என்று காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. கம்ப்யூட்டர் எஞ்சின் குளிர்ந்திருப்பதாக நினைத்து அதற்கேற்ற டீசலைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

புகை நிறம் ஒரு துணைச் சாட்சி. கருப்பு என்றால் காற்றுக் குறைவு அல்லது டீசல் அதிகம். சூடான பிறகும் வெள்ளை என்றால் டைமிங் பின்தங்கல், கம்ப்ரஷன் குறைவு, அல்லது கூலன்ட் உள்ளே வருவது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மெக்கானிக்கல் பம்ப்பில் அதிகபட்ச டீசலை நிர்ணயிக்கும் சீல் வைத்த திருகு ஒன்று உண்டு. இழுவை போதவில்லை என்று அதை முறுக்கி "டீசல் கூட்டி" விடுவார்கள். அன்றைக்கு வண்டி நன்றாக இழுக்கும். ஆனால் இழுவை குறைந்ததற்குக் காரணம் அடைத்த ஃபில்டரோ பிடித்த பிரேக்கோ வழுக்கும் கிளட்ச்சோ அப்படியே இருக்கும். அதன்மேல் கரும்புகையும் மைலேஜ் இழப்பும் சேரும், பிஸ்டன் சூடும் ஏறும். சீல் உடைந்திருந்தால் லேப்பில் டெஸ்ட் பெஞ்சில் வைத்து அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். காதால் கேட்டு வைக்கிற வேலை இல்லை அது.

11. பாடியும் ஓட்டமும்

மேல்கூடு, உயர்த்திக் கட்டிய கம்பிச் சட்டம், காற்றில் படபடக்கும் தார்ப்பாய் எல்லாம் வேகம் கூடும்போது செலவு வைக்கும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 60-லிருந்து 80-க்குப் போனால் சுமார் 78 சதவீதம் கூடுதல். லோடு இல்லாதபோது தார்ப்பாயைச் சுருட்டி உள்ளே போடுங்கள். லோடு இறக்கும் இடத்தில் எஞ்சினை ஓட விடாதீர்கள், 2.5 லிட்டர் எஞ்சின் சும்மா நின்றாலே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும்.

12. கடைசியாக எஞ்சின் உள்ளே

டேப்பட்டை ஆறிய எஞ்சினில், கையேட்டு அளவுக்கு வையுங்கள். சத்தம் வரக் கூடாது என்று இறுக்கி வைத்தால் வால்வு முழுக்க மூடாது. கம்ப்ரஷனும் போகும், வால்வும் கருகும்.

பிறகு ஐடிலிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய ஆவி வந்தால் பரவாயில்லை. குப்குப்பென்று புகை தள்ளினால் ரிங் தேய்ந்து எரிந்த வாயு கீழே இறங்குகிறது. உறுதி செய்ய டீசலுக்கான கேஜில் கம்ப்ரஷன் எடுங்கள். பெட்ரோல் கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. எல்லாச் சிலிண்டரும் கையேட்டு வரம்புக்குள் இருந்து, ஒன்றுக்கொன்று 3 பாருக்குள் நின்றால் எஞ்சினைப் பிரிக்கக் காரணம் இல்லை.

ஒவ்வொரு படியிலும் ஏதாவது மாற்றியதும் அடுத்த படிக்குப் போகும் முன் ஒரு டேங்க் ஓட்டிக் கணக்கு எழுதுங்கள். ஃபில்டர், நாசில், டயர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது, அடுத்த முறை மூன்றுக்கும் மறுபடி பணம் கட்ட வேண்டி வரும். பிரேக் பிடிப்பு, டீசல் கசிவு இரண்டுக்கு மட்டும் இந்த விதி கிடையாது. அவற்றைக் கண்ட அன்றே சரிசெய்துவிட வேண்டும்.